இருநூற்றுப் பதினேழு, இருநூற்றுப் பதினெட்டு

ஜூலை 3, திங்கள்

புது மெஷின் வந்து இறங்கியது. நாலு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரி லேபுக்குத் தூக்கிவந்தார்கள். பொருத்த வந்த கம்பெனி இன்ஜினியர் மத்தியானம் வரை அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கிளம்பும்போது ஒரு டைரியைக் கொடுத்து, “டெய்லி ரீடிங் இதுல எழுதிக்கங்க மேடம்” என்றார். ரீடிங் எழுத ரெஜிஸ்டர் இருக்கிறது. டைரியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பாதி வருஷம் போய்விட்ட டைரி.

“இதுவரைக்கும் எப்படிப் பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்டார். காட்டினேன். ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்து, அந்தச் சாற்றில் ஒரு துளியை ஜெல் தகட்டின் ஓரத்தில் வைத்து, மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் நகரும். நல்லது முன்னால் ஓடும். சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கிற சிக்கிள் பின்தங்கும். சாயம் ஊற்றினால் கோடு தெரியும். முன்னால் ஒரு கோடு மட்டும் என்றால் ஒன்றுமில்லை, வெள்ளைக் கார்டு. இரண்டு கோடு என்றால் அந்த ஆளுக்கு நோய் இல்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்தலாம், மஞ்சள் கார்டு. மஞ்சளும் மஞ்சளும் கல்யாணம் செய்தால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மலையில் இப்போது கார்டு பார்க்காமல் பெண் கேட்பதில்லை.

“இருபத்தாறு வருஷமா கண்ணாலயே பாத்தீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். பெருமையாக இல்லை. கால் வலித்தது.

ஃப்ரீசரில் இருக்கும் பழைய சாம்பிள் நாற்பதைப் புது மெஷினில் ஓட்டி, பழைய முடிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கப்புறம்தான் நோயாளிகளுக்கு.

ஜூலை 5, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. நாளைக்குத்தான் வருமாம். கரண்ட் அடுப்பில் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி. லேபில் டிஸ்டில்டு வாட்டரும் தீர்ந்திருந்தது.

ஜூலை 7, வெள்ளி

முதல் இருபது ஓட்டினேன். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு விரல் நீளக் குழாய்க்குள் சாற்றைத் தள்ளுகிறது. ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினும் அதனதன் நேரத்துக்கு வெளியே வருகிறது. நல்லது இரண்டரை நிமிஷத்தில், சிக்கிள் நாலரை நிமிஷத்தில். திரையில் மலை மாதிரி வரைந்து காட்டுகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோடு தேட வேண்டியதில்லை.

இருபதில் பதினெட்டு ஒத்துப்போனது. இரண்டு ஒத்துப்போகவில்லை.

217, பூங்காவனம், மேல்காரை. பழைய முடிவு: ஒரு கோடு. மெஷினில் இரண்டு மலை.

218, செந்தாமரை, மேல்காரை. பழைய முடிவு: இரண்டு கோடு. மெஷினில் ஒரு மலை.

புது மெஷின்தானே. நாளைக்குத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

ஜூலை 8, சனி

திரும்பவும் அதேதான். ஒவ்வொரு சாம்பிளும் இரண்டிரண்டு குப்பியில் வைத்திருப்போம். இரண்டாவது குப்பியைத் திறந்தும் ஓட்டினேன். அதேதான்.

யாரோ குப்பியில் எண்ணை மாற்றி எழுதியிருக்க வேண்டும். மேல்காரையில் ரத்தம் எடுத்த கேம்புக்குப் போனது நர்ஸ் வின்சி. அவள் இப்போது துபாயில் இருக்கிறாள். எப்போதும் பேச்சுதான், வேலையில் கவனம் இருக்காது. அப்படியென்றால் கொடுத்த கார்டு சரி, ஃப்ரீசரில் இருக்கும் குப்பிதான் தப்பு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

தாளில் பென்சிலால் “லேபிள் பிழை?” என்று எழுதி வைத்தேன்.

அவருக்கு ஷேவ் செய்துவிட்டேன். பக்கவாதத்தில் சரிந்த வலது கன்னத்தில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. “பரவால்ல” என்று சொல்ல அவருக்கு அரை நிமிஷம் ஆகிறது.

ஜூலை 10, திங்கள்

மீதி இருபதும் ஓட்டியாயிற்று. எல்லாம் சரி.

பழைய ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 22, இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஒரு தகட்டில் எட்டு சாம்பிள். 213லிருந்து 220 வரை.

வின்சி கேம்பில் டியூபில்தான் எழுதுவாள். ஃப்ரீசர் குப்பியில் எழுதுவது நான். ரெஜிஸ்டரிலும் நான். ஏதோ ஒன்று தப்பு. எது என்று குப்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. புதிதாக ரத்தம் எடுத்தால்தான் தெரியும்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இருவரும் எங்கே இருக்கிறார்களோ.

ஜூலை 12, புதன்

பிசியோதெரபி. வலது கை இன்னும் வரவில்லை, இடது கையால் பிளாஸ்டிக் டம்ளரை அடுக்கச் சொன்னார்கள். அவர் முப்பது வருஷம் மலைப் பாதையில் அரசு பஸ் ஓட்டியவர். டம்ளரை அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

டாக்டர் தமயந்தி வராந்தாவில் பார்த்து, “மெஷின் வேலை எப்ப முடியும் அமலா?” என்றார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் தலைமை. “இன்னும் ரெண்டு மூணு பாக்கி இருக்கு டாக்டர்” என்றேன்.

ஜூலை 14, வெள்ளி

மலையிலிருந்து கர்ப்பிணிகளின் ரத்தம் வந்தது. பதின்மூன்று டியூப். ஏழாவது: பூங்காவனம், வயது 22, மேல்காரை, பதின்மூன்று வாரம், முதல் பிரசவம். கணவர் பொன்னுரங்கம், மஞ்சள் கார்டு. மனைவி, வெள்ளைக் கார்டு. அதனால் சிக்கிள் டெஸ்ட் கேட்கவில்லை. ஹீமோகுளோபின் அளவு, சர்க்கரை, ரத்த குரூப், அவ்வளவுதான்.

கேட்டதை எல்லாம் செய்து முடித்தேன். டியூபில் மீதி ரத்தம் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகாது.

ரெஜினா இன்றைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு ரெஜினாதான். அதனால்தான் இன்றைக்கு இருந்து பார்க்க முடியவில்லை.

ஜூலை 15, சனி

பார்த்தேன்.

புது மெஷினில் ஓட்டவில்லை. அதில் ஓட்டினால் பெயர், தேதி, நேரம் எல்லாம் பதிவாகிவிடும். பழைய ஜெல் பெட்டியை எடுத்தேன். தகட்டில் எட்டு இடம் இருக்கிறது. முதலில் என் ரத்தம். நடுவில் அவளுடையது. கடைசியில் வார்டில் இருக்கும் தேன்மொழியுடையது. தேன்மொழிக்கு ஒன்பது வயது, சிக்கிள் நோய். நேற்றிலிருந்து கால் எலும்பில் வலி. அவள் அம்மா மகளின் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தொட்டாலும் அழுகிறாள், தொடாவிட்டாலும் அழுகிறாள்.

நாற்பத்தைந்து நிமிஷம். சாயம் ஊற்றி, கழுவி, வெளிச்சத்தில் பிடித்தேன்.

எனக்கு ஒரு கோடு, முன்னால். தேன்மொழிக்கு ஒரு கோடு, பின்னால். பூங்காவனத்துக்கு இரண்டும்.

தகட்டைக் குப்பையில் போடவில்லை. போடலாம் என்று நினைத்தேன். கவரில் போட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

ஜூலை 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அவருக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, துவட்டும்போது சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல், பின்னால் நின்றுகொண்டு.

“ரெண்டு பொண்ணுங்க ரிப்போர்ட்ட மாத்திக் குடுத்துட்டேங்க. ஒரு பொண்ணு இப்ப மாசமா இருக்கு. அவ புருஷனும் மஞ்சக் கார்டு.”

அவர் தலையைத் திருப்பப் பார்த்தார்.

“எப்ப?”

“ரெண்டு வருஷம் ஆச்சு. பிப்ரவரி.”

“பிப்ரவரில... எத்தனாம் தேதி?”

“அதெல்லாம் எதுக்கு இப்ப.”

“நான்... ஐசியூல... இருந்தப்ப.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“மூணு நாள்... நீ தூங்கல.”

“நான்தான் வேலைக்குப் போனேன். யாரும் வரச் சொல்லல. கேம்ப் சாம்பிள் கெட்டுப்போயிடுமேன்னு போனேன்.” குரல் உயர்ந்துவிட்டது. துண்டை அவர் தலையிலேயே வைத்துவிட்டு நின்றேன்.

எப்படி நடந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. துளி வைக்கும்போது கை மாறியதா, கோடு எழுதும்போது வரிசை மாறியதா. அந்த நாளே எனக்கு ஞாபகத்தில் இல்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் யாரோ ஒரு பன் வாங்கிக் கொடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவர் துண்டை இடது கையால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். “எத்தன வாரம்?” என்றார்.

“பதிமூணு.”

“அப்ப... நாளைக்கே... சொல்லிடு.”

ஜூலை 17, திங்கள்

எட்டு மணிக்கே டாக்டர் அறை வாசலில் நின்றேன். கவரையும் மெஷின் தாள்களையும் மேஜையில் வைத்து நின்றபடியே சொன்னேன்.

அவர் தகட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினார். பிப்ரவரி 22 பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. அதன்மேல் விரலை வைத்தார்.

“நானும் தகட்ட பாக்காமதான் போட்டிருக்கேன்” என்றார்.

“உங்களுக்கு எதுக்கு டாக்டர், தப்பு நான்...”

“இத எப்ப கண்டுபிடிச்ச?”

வெள்ளிக்கிழமை என்று சொல்ல வாய் வந்தது. “போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி” என்றேன். “ஏழாம் தேதி.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்கே சொல்லியிருந்தா நஞ்சுக்கொடில இருந்து டெஸ்ட் எடுக்க அனுப்பியிருக்கலாம். இப்ப அதுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கறதுக்குள்ள நாள் தாண்டிரும். பதினாறு வாரத்துல பனிக்குடத் தண்ணி எடுத்துத்தான் பாக்கணும். ரிசல்ட் வர இன்னும் ரெண்டு வாரம். வயிறு தெரிய ஆரம்பிச்சிரும், அமலா.”

நான் மெஷின் தாள்களைத் திரும்ப அடுக்கினேன்.

“போய் உக்காரு. நாளைக்கு நாம ரெண்டு பேரும் மேல போறோம்.”

அன்றைய தகட்டில் இருந்தவர்கள், அந்த வாரம் பார்த்தவர்கள் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டார். மொத்தம் அறுபத்தோரு பேர்.

ஜூலை 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி ஜீப்பில் மேல்காரைக்கு இரண்டு மணி நேரம்.

பூங்காவனம் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். சின்ன உடம்பு, பெரிய கண். டாக்டரைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். பொன்னுரங்கம் காட்டிலிருந்து வரும்வரை காத்திருந்தோம். அவனுடைய அம்மா காபி கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. குடிக்காமலும் இருக்க முடியவில்லை.

டாக்டர் ஆரம்பிக்கப் போனார். “நான் சொல்றேன் டாக்டர்” என்றேன். சொன்னேன். கார்டு மாறிவிட்டது, பூங்காவனத்துக்குக் கொடுத்திருக்க வேண்டியது மஞ்சள், தப்பு லேபில் நான் செய்தது, பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, வேலூரில் டெஸ்ட் செய்து பார்க்கலாம்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொன்னுரங்கம்தான் முதலில் கேட்டான். “அப்போ இவளுக்கு வர வேண்டியது வேற யாருக்குப் போச்சு?”

“செந்தாமரை” என்றேன்.

அவனுடைய அம்மா கையிலிருந்த காபிச் சட்டியைக் கீழே வைத்தாள். “செந்தாமரையா? அடப் பாவிகளா. அவளத்தாம்மா இவனுக்கு முதல்ல பேசினோம். வெத்தல பாக்கு மாத்தி, நாளும் பாத்தாச்சு. மஞ்சக் கார்டுன்னு நீங்க குடுத்தீங்க, வேணாம்னுட்டோம். அதுக்கப்புறம்தான் வெள்ளக் கார்டு இருக்குதேன்னு இவளக் கொண்டாந்தோம்.” தலையில் கை வைத்துக்கொண்டாள். “அப்போ அவளையே கட்டியிருக்கலாமே. ஒரு தொல்லையும் இருந்திருக்காதே.”

பூங்காவனம் அங்கேயேதான் நின்றிருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த ராகி உமியை விரலால் துடைத்தாள்.

“ம்மா, சும்மா இரு” என்றான் பொன்னுரங்கம்.

“நான் என்னாடா தப்பா சொல்லிட்டேன்?”

“சும்மா இருன்னு சொன்னேன்.” எழுந்து போய்ப் பூங்காவனத்தின் பக்கத்தில் நின்றான். தொடவில்லை. பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான்.

பூங்காவனம் என்னைக் கேட்டாள். “செந்தாமரைக்கு யாரு சொன்னாங்க?”

“இன்னும் இல்லம்மா.”

“நாங்க ஒண்ணாத்தான் ஆஸ்டல்ல படிச்சோம். அன்னைக்கி ரத்தம் குடுக்கவும் ஒண்ணாத்தான் வந்தோம். அவதான் என் கையப் பிடிச்சுக்கிட்டா, எனக்கு ஊசின்னா பயம்.” கொஞ்சம் நிறுத்தி, “அவகிட்ட சீக்கிரம் சொல்லுங்க” என்றாள்.

செந்தாமரை வீடு நாலு வீடு தள்ளி. அவளுடைய அம்மா மட்டும் இருந்தாள். மகள் திருப்பூரில் மில்லில் வேலை செய்கிறாளாம். எல்லாம் கேட்டுவிட்டு, “இப்ப வந்து சொல்றீங்களே” என்றாள். மூன்று தடவை அதையே சொன்னாள். டாக்டர் மகளுடைய போன் நம்பர் கேட்டதற்கு, “நானே சொல்லிக்கறேன். நீங்க சொன்ன வரைக்கும் போதும்” என்று கதவைச் சாத்திவிட்டாள்.

இறங்கும்போது ஜீப்பை நிறுத்தச் சொல்லி ஓரமாக வாந்தி எடுத்தேன். டாக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஜூலை 21, வெள்ளி

பொன்னுரங்கம் போன் செய்தான். வேலூருக்கு வருகிறார்களாம். “அக்கா, நீங்களும் வருவீங்களா? எங்களுக்கு அங்க ஒண்ணும் தெரியாது.”

வருகிறேன் என்றேன். அக்கா என்று கூப்பிட்டான்.

ஜூலை 27, வியாழன்

அறுபத்தோரு பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த இரண்டு மட்டும்தான் தப்பு.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. இனிமேல் ஒவ்வொரு முடிவையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டிருக்கிறார். மூன்று மாதத்துக்கு நான் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடக் கூடாது. ராஜினாமா எழுதிக் கொண்டுபோனேன். படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். “நீ போயிட்டா இந்த வேலைய யாரு பாப்பா? தண்டனைன்னு நெனச்சுக்கிட்டே வேல பாரு” என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வேலூர். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய வரிசை. ரெஜினா அவரைப் பார்த்துக்கொண்டாள்.

குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பூங்காவனம் தன் பெயரை முழுதாக எழுதினாள். வயிற்றில் ஊசி என்றதும் அவளுக்கு உதடு வெளுத்துவிட்டது. உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். பொன்னுரங்கம் போனான். நான் பெஞ்சில் இருந்தேன்.

அந்தத் தண்ணீரில் குழந்தையின் செல்கள் இருக்கும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, ஒரு என்சைம் போட்டு வெட்டி, ஜெல்லில் ஓட்டுவார்கள். சிக்கிள் இருக்கிற இடத்தில் என்சைம் வெட்டாது. வெட்டியது சின்னத் துண்டாக முன்னால் ஓடும், வெட்டாதது பெரிய துண்டாகப் பின்னால் நிற்கும். நான் செய்கிற வேலைதான், இன்னும் நுணுக்கமாக. பெஞ்சில் உட்கார்ந்து அதையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பூங்காவனம் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். பொன்னுரங்கம் மெதுவாகக் கேட்டான். “நோய் இருக்குன்னு வந்தா, கலைச்சிரணுமா?”

“கட்டாயம் இல்லப்பா. அது நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்றது.”

“எங்க அண்ணன் பையன் அதுலதான் போனான். ஆறு வயசு.” அவளுடைய தலை கம்பியில் இடிக்காமல் கையை நடுவில் வைத்துக்கொண்டான். “அதனாலதான் கார்டு கார்டுன்னு பாத்தோம்.”

நூறு கிலோமீட்டர் அந்தக் கையை அவன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

ஒன்றும் வரவில்லை. அவருக்கு மலச்சிக்கல். இரண்டு தடவை படுக்கை மாற்றினேன்.

ஆகஸ்ட் 12, சனி

ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

பதினொன்றரைக்கு டாக்டர் லேபுக்கே வந்தார். அவர் லேபுக்கு வருவதில்லை. கையில் தாள். என்னிடம் நீட்டினார். எழுத்துகள் ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை.

இரண்டு துண்டும் இருக்கிறது. பிள்ளை அப்பா அம்மா மாதிரி. கடத்தும், ஆனால் நோய் இல்லை.

நானே போன் செய்தேன். பொன்னுரங்கம் போனைக் கை மாற்றிவிட்டான். பிறகு பூங்காவனத்தின் குரல், “அக்கா, திரும்பச் சொல்லுங்க” என்றது. திரும்பச் சொன்னேன். “எழுத்துல இருக்குதா? பேரு எங்க பேருதானா? நல்லாப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

பெயர், வயது, ஊர், எண் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள். அப்படிக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டில் அவரிடம் சொன்னேன். இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

ஆகஸ்ட் 26, சனி

பத்து மணிக்கு லேப் ஜன்னலில் ஒரு பெண் நின்றாள். உயரம், சுடிதார், தோளில் பை. “நான் செந்தாமரை. மேல்காரை” என்றாள்.

எழுந்தேன். “உள்ள வாம்மா” என்றேன்.

“அம்மா போன மாசமே சொல்லிருச்சு. மில்லுல லீவு தரல. என் கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க. மெஷின் வேணாம். அன்னைக்கி எதுல பண்ணீங்களோ அதுலயே பண்ணுங்க.”

ரத்தம் எடுத்தேன். மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். அவள் பெயரை டியூபில் எழுதி அவளிடமே காட்டினேன். அவள் சரி என்றபிறகுதான் துளியைத் தகட்டில் வைத்தேன். பக்கத்தில் என்னுடையதும், மஞ்சள் கார்டுக்காரர் ஒருவருடையதும். பெட்டியை மூடி கரண்ட் கொடுத்தேன். நாற்பத்தைந்து நிமிஷம். டீ வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்.

சாயம் ஊற்றி, கழுவி, அவள் கையிலேயே கொடுத்தேன்.

“எது என்னுது?”

காட்டினேன்.

“ஒண்ணுதானா?”

“ஒண்ணுதாம்மா.”

அவள் நீண்ட நேரம் பார்த்தாள். “ரெண்டு வருஷமா ரெண்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன்” என்றாள்.

“என்னை மன்னிச்சிரும்மா. தப்பு முழுக்க...”

“அத அப்புறம் பேசலாம்.” தகட்டைக் கீழே வைத்தாள். “பொன்னுரங்கம் மாமா விஷயம் போகட்டும். பூங்காவனம் நல்லா இருந்தாச் சரி. எனக்கு வேற ஒண்ணு ஆகணும்.”

அவள் வேலை செய்யும் மில்லில் இளவழகன் என்று ஒரு மெக்கானிக். போன வருஷம் கல்யாணம் பேசி அவனுடைய அம்மா பார்க்க வந்திருக்கிறார். செந்தாமரை எதையும் மறைக்க வேண்டாம் என்று மஞ்சள் கார்டை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அவர்கள் கீழ்நாட்டுக்காரர்கள், இதையெல்லாம் கேள்விப்பட்டதே இல்லை. ரத்தத்தில் நோய் என்று புரிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்களாம். அவன் மட்டும் ஆறு மாதம் அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறான். பிறகு வேறு மில்லுக்குப் போய்விட்டான்.

மஞ்சள் கார்டே உண்மையாக இருந்திருந்தாலும் அவனைக் கட்டியிருக்கலாம். அவனுக்குச் சிக்கிள் இல்லை என்று ஒரு டெஸ்ட் செய்திருந்தால் போதும், பிள்ளைகளுக்கு நோய் வராது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கார்டைக் கொடுத்தோம், அவ்வளவுதான். அதை இப்போது அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நான் போன் போட்டுத் தரேன். நீங்க சொல்லுங்க. நான் சொன்னா, பொய் சொல்றேன்னு அவங்க அம்மா நெனச்சுக்கும்” என்றாள்.

நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

“தம்பி, நான் ஆஸ்பத்திரி லேப்ல இருந்து பேசறேன். என் பேரு அமலோற்பவம். செந்தாமரைக்கு மஞ்சக் கார்டு குடுத்தது நான்தான். அது தப்பு. அந்தப் பொண்ணு ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. இப்பத்தான் திரும்பப் பாத்தோம்.”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம். அது மெல்லக் குறைந்தது. எங்கோ தள்ளிப் போயிருக்கிறான்.

“நெசமாவா சொல்றீங்க?”

“நெசம்தாம்ப்பா.”

“எனக்கு நிச்சயம் ஆயிருச்சுங்க” என்றான். “போன ஞாயித்துக்கெழம.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“அந்தப் பொண்ணும் பாவம்ங்க, எங்க அத்த மக. இப்ப வேணாம்னு சொல்ல முடியாது.” அவனுடைய குரல் உடைந்தது. “அவ பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா.”

“ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதே சந்தோஷம்னு சொல்லுங்க. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.” வைத்துவிட்டான்.

செந்தாமரை திரும்பவில்லை. “என்னா சொன்னாரு?”

லைன் கிடைக்கவில்லை என்று சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லவில்லை. அவன் சொன்னதை எல்லாம், அத்தை மகள் என்றதையும், குரல் உடைந்ததையும்கூடச் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். குழாயைத் திறந்து முகம் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். நான் டிஷ்யூ பேப்பரை எடுத்து நீட்டினேன். வாங்காமல் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டாள்.

“சேலம் பஸ் எத்தன மணிக்கி?”

“ரெண்டே கால்.”

“ஊருக்குப் போகல. திருப்பூருக்கே திரும்பப் போயிடறேன்.”

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வெயில் கொளுத்தியது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். டிரைவர் ஏறும்போது அவள் குனிந்து கேட்டாள்.

“பூங்காவனத்துக்கு எப்போ தேதி?”

“ஜனவரி. பொங்கலை ஒட்டி.”

“பொங்கலுக்கு லீவு விடுவாங்க.” முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஊசிக்கு ரொம்பப் பயப்படுவா. நான் வரேன்னு சொல்லிருங்க.”

சொல்கிறேன் என்றேன். பஸ் கிளம்பியது. என்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.